கொட்டக் கூடாத தண்ணீர்

மெட்ராஸ் காற்றை ஈரமாக்க ஒரு மிஷின் வைத்திருந்த குடும்பம் என்று எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் மண்ணூர்பேட்டையில் குறைவு. சிரிக்கட்டும். நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே உள்ளே வருகிறவர்கள், மூலையில் ஒரு பிளாஸ்டிக் குடம் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்குத்தான் சிரிப்பு வராது. இன்றைக்கும் யார் வீட்டு ஏசி அறையிலாவது அந்த மாதிரி மிஷின் 'களுக்' என்று தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் தரையைத்தான் பார்ப்பேன். ஏன் தரையை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய தெருவில், ஒரு பழைய விவசாயக் குடும்பத்தின் வீட்டுப் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பம்பு செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். அம்மா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் நாலாம் வகுப்பு. தம்பி இன்னும் பள்ளிக்கூடமே போகாதவன், ஆனால் வீட்டில் எல்லாரையும் அதிகாரம் செய்கிறவன். அவனுக்குச் சாயங்காலமானால் ஒரு இருமல் வரும். சாதாரண இருமல் இல்லை, நாய் குரைக்கிற மாதிரி. இருமி முடித்து மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் ஒரு விசில் கேட்கும். அந்த விசில் கேட்டதும் அம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது.

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்துபோயிருந்தது. பிறந்தபோதே மூச்சு சரியில்லை. அம்மா ஆபரேஷன் மயக்கத்தில் கிடக்க, நர்சு வந்து அப்பாவிடம், "சார், நீங்க கிறிஸ்டியன்தானே? ஏதாவது செய்யணும்னா சீக்கிரம் செஞ்சுக்குங்க" என்றாளாம். சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்பா ஒரு டம்ளரில் தண்ணீர் வாங்கி, தன் கையாலேயே அந்தச் சின்னத் தலையில் ஊற்றியிருக்கிறார். தலையில் வழிந்த தண்ணீர் கீழே பிடித்த தட்டில் விழுந்தது.

அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. எங்கள் ஆட்களுக்குள் அது எழுதாத சட்டம். கால் படாத இடமாகப் பார்த்து, செடிக்கோ மரத்துக்கோ அடியில் ஊற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் கால் படாத இடத்துக்கு எங்கே போவது? அப்பா அதை ஒரு சின்ன கிரைப் வாட்டர் பாட்டிலில் பிடித்து, சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தில் ஊற்றலாம் என்று போனவரை அம்மா தடுத்துவிட்டாள். குழந்தையை அவள் கண்ணால் பார்த்ததே ஒரு தடவைதான், அதுவும் மயக்கத்தில். அடக்கத்துக்கும் போகவில்லை. போட்டோ கிடையாது. அந்தத் தண்ணீர் ஒன்றுதான் குழந்தையைத் தொட்டதென்று மிஞ்சிய பொருள். பாட்டில் மாதா படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வருஷக் கணக்காக அங்கேயே இருந்தது. தூசி தட்டும்போது அதை மட்டும் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நானும் தொட்டதில்லை, அதைப் பற்றிக் கேட்டதுமில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பாரில்லை.

இப்போது மிஷினுக்கு வருகிறேன். தம்பியின் இருமலுக்கு ஈரக் காற்று நல்லது என்று அம்பத்தூரில் டாக்டரம்மா சொன்னார். அம்மா ஆரம்பத்தில் குண்டானில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கிவைப்பாள். அடுத்த தெருவில் ஒரு குழந்தை அப்படி வைத்த குண்டானை இழுத்துக் காலெல்லாம் வெந்துபோனது. அன்றோடு அப்பா கொதிதண்ணீரை வீட்டுக்குள்ளிருந்து தள்ளிவைத்தார். மருந்துக் கடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா விற்றது. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு பிளக்கில் சொருகினால் ஆவி வரும். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ளயே கரண்டு ஓடுது. நம்ம ஆளு கைய உட்டுப் பாக்காம இருப்பானா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பியின் குணம் அவருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அரபு நாட்டிலிருந்து மாமா லீவில் வந்தார். அம்மாவின் அண்ணன். அங்கே ஏசி அறையில் காற்று காய்ந்து மூக்கில் ரத்தம் வருமாம், அதனால் வீட்டுக்கு வீடு இந்த மிஷின் உண்டாம். பெட்டியைப் பிரித்து ஜம்பமாக நடுக்கூடத்தில் வைத்தார். கீழே ஒரு அடிப்பெட்டி, மேலே குடம் மாதிரி தண்ணீர்த் தொட்டி, உச்சியில் ஒரு மூக்கு. போட்டால் சூடே இல்லாத புகை வரும். கையை வைத்தால் சில்லென்று இருக்கும். தம்பி கையை வைத்தான், நாக்கையும் நீட்டினான். சுடாது என்பதே அப்பாவுக்குப் போதுமான சிபாரிசு. ஆனாலும் அவர் அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துப் பார்த்து, "மச்சான், இது நூத்திப்பத்து வோல்ட்டு. அப்படியே சொருகியிருந்தா உங்க மிஷினு இப்ப ஒரிஜினலாவே பொகை விட்டிருக்கும்" என்று மாமாவின் ஜம்பத்தைக் கொஞ்சம் இறக்கினார். அதற்குத் தோதான ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி வாங்கி மாட்டினார்.

அப்பாவுக்கு மிஷின் என்றால் அது எதுவானாலும் ஒரு மரியாதை. இதற்கும் சட்டதிட்டம் போட்டார். தம்பிக்கு எட்டாத ஸ்டூல் மேல் வைக்க வேண்டும், சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, கொதித்து ஆறின தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்துவைக்க வேண்டும். முக்கியமாக, காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். "தேங்கின தண்ணி எதுலயும் நல்லதில்ல. பம்புலயும் அப்படித்தான்" என்பார். அம்மா ஒழுங்காகச் செய்தாள். தம்பியின் குரைப்பும் கொஞ்சம் குறைந்தது. வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, ஊட்டுக்குள்ள மார்கழி மாசம் வந்துகீது" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அந்தப் புகை மேலே போகாது. சூடில்லாத புகை இல்லையா, மூக்கிலிருந்து எழும்பி ஒரு வளைவு வளைந்து கீழே இறங்கிவிடும். ஸ்டூலிலிருந்து தரைக்கு வந்து, பாய் மேல் மெதுவாகப் பரவும். சாயங்காலம் செபமாலை சொல்ல உட்கார்ந்தால் மாதா படத்துக்கு முன்னால் இருந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும்தான் எரியும். அந்த வெளிச்சத்தில் புகை, முழங்காலும் கையும் ஊன்றி வருகிற மாதிரி, கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். தொட்டியிலிருந்து அடிப்பெட்டிக்குத் தண்ணீர் இறங்கும்போது 'களுக்' என்று பால் குடிக்கிற சத்தம் வேறு. எனக்கு 'அருள் நிறைந்த மரியே'வுக்குப் பதில் வேறெதையோ சொல்கிற மாதிரி வாய் குழறும். ஒருநாள் தம்பி காலை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து இடம் விட்டான்.

"ஏன்டா நகர்ற?" என்றேன்.

"பாப்பா தவழுது. மேல ஏறிடும்."

அம்மா செபமாலையை நிறுத்தினாள். அம்மா அப்படிப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. தம்பியிடம் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் சொன்னதில்லை. "நீ ஏதாச்சும் சொன்னியா?" என்று என்னைக் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அம்மா புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த முகமாக இல்லை அது. யாரோ வருவதாகச் சொல்லி வெகுநாள் வராமலிருந்து, கடைசியில் கதவைத் தட்டின மாதிரி ஒரு முகம். எனக்குத்தான் பயமாக இருந்தது.

அடுத்து நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்மா அந்த கிரைப் வாட்டர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த தண்ணீரை மிஷின் தொட்டியில் ஊற்றிவிட்டாள். இருக்கிற பிள்ளையை இல்லாத பிள்ளை காப்பாற்றட்டும் என்று நினைத்தாளா, அவளை மறுபடி பார்க்கலாம் என்று நினைத்தாளா, இரண்டும்தானா, எனக்குத் தெரியாது. ஊற்றிவிட்டாள். ஊற்றிய பிறகு அந்தத் தொட்டியில் இருந்தது வெறும் தண்ணீர் இல்லை. அது கொட்டக் கூடாத தண்ணீர்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா மிஷினைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள் என்பதுதான். "யாரும் தொடாதீங்க, நான் பாத்துக்கறேன்." காலையில் தொட்டியைக் கவிழ்ப்பது நின்றது. குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவாள், அவ்வளவுதான். அடியில் கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும், அதோடு புதுத் தண்ணீர் கலக்க வேண்டும். அப்படிச் செய்தால் அந்தப் பழைய தண்ணீர் தீரவே தீராது என்பது அவள் கணக்கு. தயிருக்கு உறை விடுகிற கணக்கு. அப்பாவுக்கு அந்த மாதங்களில் ஷிப்ட் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. மிஷின் ஓடுகிறது, பையன் பக்கத்தில் படுத்திருக்கிறான், அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

கறுப்பு பீரோ மேல், டிவி மேல், என் புஸ்தகப் பை மேல் எல்லாம் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பொடி படிய ஆரம்பித்தது. ஆரம்பத்திலிருந்தே லேசாகப் படிந்துகொண்டுதான் இருந்தது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, கொதிக்கவைத்தாலும் போகாது என்று அப்பா சொல்லியிருந்தார். இப்போது மிஷின் ராப்பகலாக ஓடியதால் பொடியும் கூடியது. அம்மா அதை விரலால் தொட்டு முகர்ந்துபார்ப்பாள். ஒருநாள் என் மூக்குக்கு நேராக நீட்டி, "பவுடர் வாசனை வரல?" என்று கேட்டாள். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. வருகிறது என்று சொன்னேன். அப்படிக் கேட்கிற முகத்திடம் வேறென்ன சொல்வது?

தம்பிக்கு இருமல் திரும்பியது. இந்தத் தடவை குரைப்பு இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து ஈரமாக வந்தது. சாயங்காலமானால் உடம்பு சுடும், காலையில் தணியும், விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வரும். அம்மா மிஷினை இன்னும் கிட்டே நகர்த்தினாள். இருமல் கூடியது. அம்மா இன்னும் கிட்டே நகர்த்தினாள். நடுவில் ஆவடியில் அத்தை வீட்டில் ஒரு விசேஷத்துக்குப் போய்ச் சில நாள் தங்கினோம். அங்கே மிஷின் இல்லை, புகை இல்லை. தம்பி அத்தை பிள்ளைகளோடு குதித்து, கீழே விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, பழைய அதிகாரத்துக்கு வந்துவிட்டான். வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் சாயங்காலமே உடம்பு சுட்டது.

"ஆவடித் தண்ணி ஒத்துக்கிச்சு போல" என்றாள் அம்மா. அப்பா மிஷினைப் பார்த்தார். பம்பு ரிப்பேருக்கு வந்தால் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அம்பத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா குழாயை வைத்து முதுகில் வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த மிஷின் இன்னும் ஓடுதா? தொட்டியை எப்போ கழுவினீங்க?" என்றார். அம்மா தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கிற தண்ணின்னா வயித்துக்குப் போகும், வயிறு பாத்துக்கும். இது நேரா நெஞ்சுக்குள்ள போகுதும்மா. தண்ணியில என்ன அழுக்கு இருக்கோ அதத்தான் பையன் ராப்பகலா மூச்சா இழுக்கிறான். மொதல்ல அதக் கொட்டுங்க. கொட்டாம இங்க வந்தா மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்ல. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிதான்."

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய்த் தொட்டியைத் தூக்கினார். அடிப்பெட்டியில் தேங்கியிருந்த தண்ணீரிலிருந்து ஊறப்போட்ட துணியை மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை கிளம்பியது. சுற்றிலும் வழவழவென்று இளஞ்சிவப்பாக ஒரு பாசி. அப்பா, "அடப் பாவமே" என்று தொட்டியோடு வாசல் பக்கம் திரும்பினார். அம்மா குறுக்கே வந்து தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொட்டாதீங்க."

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா? விடு."

"அதுல அவ தண்ணி இருக்குங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மா மாதா படத்தைக் காட்டினாள். அப்பா படத்தை நகர்த்தி, பின்னாலிருந்து பாட்டிலை எடுத்தார். காலி. அடியில் காய்ந்த கறை மட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது, உடனே அந்த ஆத்திரத்தின் மேலேயே ஆத்திரமாக வந்தது. இரண்டு பேரையும் பார்க்கப் பிடிக்காமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான்தானே புடிச்சேன் இந்தத் தண்ணிய" என்றார் அப்பா. "அன்னிக்கே ஊத்தியிருக்கணும். நீ கேட்டேன்னு வெச்சேன்."

"அவளோடதுன்னு எங்கிட்ட வேற என்னங்க இருக்கு? இதையும் கொட்டிட்டா அவ இருந்ததே இல்லன்னு ஆயிடும்."

அப்பா பிடுங்கிக் கொட்டியிருக்கலாம். அவர் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பிள்ளையைப் பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் தம்பி இருமினான். இருமி, இழுத்து, மறுபடி இருமி, தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"பாப்பாவ வெளிய உட்டுடும்மா" என்றான். "அது என் நெஞ்சு மேலயே உக்காந்துகீது. எனக்கு மூச்சு முட்டுது."

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தொட்டியோடு வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். வெளியே தண்ணீர் கொட்டுகிற இடமென்று இருந்தது சாக்கடை ஒன்றுதான். அம்மா அதைத் தாண்டி, வீட்டுக்காரம்மாவின் பக்கம் போனாள். சுவர் ஓரமாக இடுப்பளவு வளர்ந்த ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, புள்ளைக்கு எப்டி கீது?"

"இந்தச் செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திக்கட்டுமா? மந்திரிச்ச தண்ணி. கால் படக் கூடாது."

குரல் போன விதத்தில் வீட்டுக்காரம்மாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "ஊத்தும்மா. யாரு காலும் படாம நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டியை மெதுவாகச் சாய்த்தாள். 'களுக்' என்றது. இன்னொரு தடவை 'களுக்'. மண் நல்ல தாகத்தில் இருந்தது போல, தேங்கவிடாமல் இழுத்துக்கொண்டது. அம்மா தொட்டியை முழுசாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு விழும்வரை அசையவில்லை. சாயங்காலம் பார்த்தால் வீட்டுக்காரம்மா செடியைச் சுற்றி நாலு கருங்கல்லை நட்டுவைத்திருந்தார்.

அப்பா அடிப்பெட்டியில் மிஞ்சியிருந்ததையும் அதே செடிக்கு ஊற்றிவிட்டு, பெட்டியைப் பிரித்து, வினிகர் ஊற்றித் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தார். டாக்டரம்மா சொல்லும்வரை மிஷினைப் போடக் கூடாது என்று பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டார். தம்பிக்கு ஊசியும் மருந்துமாகக் கொஞ்ச நாள் போனது. காய்ச்சல் விட்டது. விலாவில் தோல் உள்ளே போவது நின்றது. பனிக் காலத்தில் மறுபடி அந்தப் பழைய குரைப்பு வந்தபோது, டாக்டரம்மா சரி என்ற பிறகு, கொதித்து ஆறின தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, தூரமாக ஸ்டூல் மேல் வைத்து அப்பா போட்டார். அதே வெள்ளைப் புகை மூக்கிலிருந்து எழும்பி, வளைந்து, தரைக்கு வந்தது. சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. செபமாலை முடிகிறவரை அம்மா அதைப் பார்க்கவே இல்லை. முடிந்ததும் தம்பியைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "பாப்பா வந்திருக்காளாடா?" என்றாள்.

தம்பி குனிந்து, பாயைத் தடவி, நன்றாகப் பார்த்தான்.

"இல்லம்மா. இது சும்மா பொகை."

"சரி" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு மிஷின் தொட்டியைக் கழுவுவதில் அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் முதல் வேலை அதுதான். மிச்சத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொண்டுபோய் ஊற்றி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் காப்பி போடுவாள். செடி எங்கள் கண் முன்னாலேயே கூரை உயரத்துக்குப் போனது. தெருவே மணக்கும். ஆனால் அந்த வீட்டில் இரண்டு குடும்பத்திலும் யாரும் அதிலிருந்து ஒரு இலை கிள்ளியதில்லை. வீட்டுக்காரம்மா செடியைத் தாண்டிப் போய் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிவருவார். யாராவது கொத்துக் கேட்டால், "அது சாமிக்கு வுட்டது" என்று அனுப்பிவிடுவார்.

தம்பிக்கு இருமல் முழுசாகப் போய்விட்டது. பள்ளிக்கூடம் சேர்ந்தான், அங்கேயும் அதிகாரம் செய்தான். டாக்டரம்மா இனி மிஷின் வேண்டாம் என்றார். அப்பா டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் பரணில் போட்டார், அடிப்பெட்டியையும் போட்டார். தொட்டியை மட்டும் காணவில்லை. அது அடுப்படி மூலையில் இருந்தது. தொண்ணூறுகளில் குமணன்சாவடிப் பக்கம் சொந்த வீடு கட்டிக் குடிபோகிறவரைக்கும், அம்மா படுக்கப் போகும் முன்பு அதில் கொதித்து ஆறின தண்ணீரை ஊற்றிவைப்பாள். விடிந்ததும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய், அந்தச் செடிக்குக் கீழே கொட்டுவாள்.